சிங்கப்பூர் அலுவலகத்தில் ஐபி மேசைத் தொலைபேசி: நிறுவுவது முதல் பழுது பார்ப்பது வரை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேக்காவில் இரண்டு மேசை போட்ட பயண முகவர் அலுவலகம் ஆகட்டும், துவாஸில் ஐம்பது பேர் வேலை செய்யும் கிடங்கு ஆகட்டும், நெட்வொர்க் கேபிள் வழியாகப் பேசும் ஐபி போன் தரும் தொல்லைகள் ஏறக்குறைய ஒன்றுதான். “போன் கெட்டுப்போச்சு” என்று வரும் புகார்களில் போனே உண்மையில் கெட்டிருப்பது அபூர்வம். சுவிட்ச் (கேபிள்களை இணைக்கும் பெட்டி), ரூட்டர், டயல் விதி (அழுத்திய எண்ணை எப்போது, எப்படி அனுப்புவது என்ற விதி) இந்த மூன்றில் ஒன்றில்தான் கோளாறு இருக்கும். கீழே உள்ள பதில்களும் அந்த மூன்றையே அதிகம் சுற்றிவரும்.

ஐபி போன் போடுவதற்கு முன் அலுவலகத்தில் என்னென்ன இருக்க வேண்டும்?

ஃபைபர் இணைப்பு, ரூட்டர், பிஓஇ சுவிட்ச் (நெட்வொர்க் கேபிள் வழியாகவே போனுக்கு மின்சாரமும் தரும் சுவிட்ச்), மேசைக்கு ஒரு நெட்வொர்க் பாயிண்ட், இவற்றோடு ஒரு சிப் கணக்கு. போன் தன் சர்வரோடு பேசும் மொழிதான் சிப். அந்த சர்வர் உங்கள் இடத்திலேயே பிபிஎக்ஸ் (அலுவலகத்தின் உள் தொலைபேசி இணைப்பகம்) பெட்டியாக இருக்கலாம், சேவை நிறுவனத்தின் கிளவுடிலும் இருக்கலாம். கவனித்துக்கொள்ள ஆள் இல்லாத சிறிய அலுவலகத்துக்கு கிளவுடே நல்லது. பெட்டியை வாங்கி வைத்துவிட்டு மூன்று வருடம் அதன் பக்கமே போகாமல் இருப்பதுதான் ஆபத்து.

கேபிள் கேட்5ஈ போதும். புதிதாக இழுப்பதாக இருந்தால் கேட்6 போடுங்கள். சுவிட்சிலிருந்து போன் வரை 100 மீட்டரைத் தாண்டக்கூடாது. பொய்க்கூரைக்குள் வளைந்து நெளிந்து போகும் கேபிளையும் அளவில் சேர்த்துக்கொள்ளுங்கள். வாடகை இடமாக இருந்தால் கூரையைத் திறக்கும் முன் கட்டட நிர்வாகத்திடம் கேட்டுவிடுங்கள்.

இருபது போனுக்கு இணைய வேகம் எவ்வளவு வேண்டும்?

நினைப்பதைவிட மிகக் குறைவு. ஜி.711 கோடெக்கில் (குரலைத் தரவாக மாற்றும் முறை) ஓர் அழைப்பின் குரலுக்கு நொடிக்கு 64 கிலோபிட். பாக்கெட் (தரவுத் துண்டு) தலைப்புகளையும் சேர்த்தால் ஒவ்வொரு திசையிலும் ஏறத்தாழ 87. கணக்குக்கு வசதியாக 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது பேரில் எட்டுப் பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் ஒரு மெகாபிட் கூட ஆகாது. 500 மெகாபிட், 1 ஜிகாபிட் என்று லைன் வைத்திருக்கும் ஊரில் குரல் தரத்துக்காக இன்னும் பெரிய திட்டத்துக்கு மாறுவது வீண் செலவு.

கோடெக் வரிசையில் ஜி.722-ஐ முதலிலும் ஜி.711-இன் ஏ-லா வகையை அடுத்தும் வையுங்கள். எக்ஸ்டென்ஷன்களுக்குள் (அலுவலக உள் எண்கள்) பேசும்போது முதலாவது தெளிவான குரல் தரும். சிங்கப்பூரின் தொலைபேசி வலை ஏ-லாவைப் பயன்படுத்துவதால் வெளியே போகும் அழைப்புக்கு இரண்டாவது பொருந்தும். அமெரிக்க அமைப்போடு வரும் போன்களில் ஜி.711-இன் இன்னொரு வகையான மியூ-லா முதலில் இருக்கும். அதைக் கீழே இறக்குங்கள். ஜி.729 இணைய வேகத்தைச் சேமிக்கும், ஆனால் குரலைக் கெடுக்கும். இங்கே அதற்குத் தேவையே இல்லை.

இணையக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் போனை வாங்கலாமா?

யீலிங்க், கிராண்ட்ஸ்ட்ரீம், ஃபேன்வில் மூன்றிலும் நல்ல அடிப்படை மாடல்கள் இருக்கின்றன. வாங்கும் முன் மாடல் எண்ணின் கடைசி எழுத்தைப் பாருங்கள். யீலிங்க் டி31 என்றால் பிஓஇ கிடையாது, டி31பி என்றால் உண்டு. இந்த ஓர் எழுத்தைத் தவறவிட்டால் ஒவ்வொரு மேசைக்கும் ஓர் அடாப்டரும் ஒரு பிளக்கும் தேட வேண்டிவரும்.

போனிலோ பெட்டியிலோ தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் தரநிலைக்கு உட்பட்டது என்ற லேபிளும் விற்பனையாளரின் உரிம எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அடாப்டர் வாங்கினால் அதில் ‘சேஃப்டி மார்க்’ முத்திரையும் மூன்று முள் பிளக்கும் இருக்க வேண்டும். இன்னொரு எச்சரிக்கை: சில மாடல் 5 வோல்ட்டில் ஓடும், சில 12 வோல்ட்டில். முனை பொருந்துகிறதே என்று 12 வோல்ட் அடாப்டரை 5 வோல்ட் போனில் செருகினால் அதோடு அந்தப் போனின் கதை முடிந்தது.

பிஓஇ சுவிட்சில் எட்டு போர்ட் இருந்தும் ஐந்தாவது போன் எழவே இல்லை. ஏன்?

போர்ட் இருக்கிறது, வாட் இல்லை. 802.3ஏஎஃப் முறையில் ஒரு போர்ட் அதிகபட்சம் 15.4 வாட் தரும். ஆனால் சுவிட்சுக்கு மொத்தமாக ஒரு வரம்பு உண்டு. விளம்பரத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். எட்டு போர்ட் சுவிட்சில் அது 60 வாட்டுக்குச் சற்று மேல் இருப்பது சகஜம்.

போன் தன்னை ஒரு ‘கிளாஸ்’ என்று சுவிட்சிடம் அறிவித்துக்கொள்ளும். கிளாஸ் 1-க்கு 4 வாட், கிளாஸ் 2-க்கு 7 வாட், கிளாஸ் 3-க்கு 15.4 வாட் என்று சுவிட்ச் ஒதுக்கும். கறுப்பு வெள்ளைத் திரையுள்ள கிளாஸ் 2 போன்கள் எட்டுக்கு 56 வாட் போதும். வண்ணத் திரையும் புளூடூத்தும் உள்ள கிளாஸ் 3 போன்களானால் நான்கிலேயே 61.6 வாட். போன் உண்மையில் 5 வாட்தான் குடிக்கும் என்றாலும், கிளாஸ் பார்த்து ஒதுக்கும் சுவிட்ச் ஐந்தாவதுக்கு இல்லை என்று சொல்லிவிடும். சுவிட்ச் அமைப்பில் ஒதுக்கீட்டை உண்மையான பயன்பாட்டின்படி என்று மாற்ற வழி இருந்தால் மாற்றுங்கள். இல்லையென்றால் பெரிய சுவிட்ச்தான்.

வரவேற்பு மேசைப் போனில் கூடுதல் பொத்தான் பலகை மாட்டிய அன்று முதல் போன்கள் மாறி மாறி ரீஸ்டார்ட் ஆனால், அதுவும் இதே கணக்குதான்.

ஒரே பாயிண்டில் போனும் கணினியும் போடலாமா?

போடலாம். போனின் பின்பக்கம் இரண்டு போர்ட் இருக்கும். ‘இன்டர்நெட்’ அல்லது ‘லேன்’ என்பது சுவரிலிருந்து வரும் கேபிளுக்கு, ‘பிசி’ என்பது கணினிக்கு. டி31பி போன்ற 100 மெகாபிட் போன் வழியாகப் போட்டால் கணினியும் 100 மெகாபிட்டில் நிற்கும். பெரிய படங்களை அனுப்பும் வடிவமைப்பாளர்கள் இதை உடனே உணர்வார்கள். அவர்கள் மேசைக்கு ஜிகாபிட் மாடல் வாங்குங்கள்.

மேசை மாற்றும் நாளில் நடக்கும் விபத்து ஒன்று உண்டு. கீழே தொங்கும் கேபிளைப் பார்த்து யாரோ ஒருவர் நல்ல எண்ணத்தில் பிசி போர்ட்டையும் சுவரில் செருகிவிடுவார். இப்போது போனின் இரண்டு காலும் ஒரே சுவிட்சில். பாக்கெட்டுகள் வட்டமடிக்க ஆரம்பித்து, சில நொடிகளில் அலுவலகம் முழுக்க இணையமும் போனும் படுத்துவிடும். சுவிட்சில் எல்லா விளக்கும் ஒரே வேகத்தில் வெறிபிடித்ததுபோல் மினுக்கினால் முதலில் இதைத்தான் தேடுங்கள். சுவிட்சில் லூப் பாதுகாப்பையோ ஸ்பேனிங் ட்ரீயையோ முன்பே போட்டு வைத்திருந்தால் அந்த ஒரு போர்ட் மட்டும் அடைபடும்.

குரலுக்குத் தனி விலேன் (ஒரே சுவிட்சுக்குள் பிரித்துவைக்கும் தனி நெட்வொர்க்) கட்டாயமா?

பத்துப் போனுக்குக் கீழ், சிசிடிவியும் பெரிய கோப்புப் பரிமாற்றமும் இல்லாத இடம் என்றால் தேவையில்லை. அதற்கு மேல் போனால் பிரித்து வைப்பதே நிம்மதி.

கணினிக்கு விலேன் 10, குரலுக்கு விலேன் 20 என்று வைத்துக்கொள்வோம். மேசைக்குப் போகும் சுவிட்ச் போர்ட்டில் 10 ‘அன்டேக்டு’ (குறியில்லாமல்), 20 ‘டேக்டு’ (விலேன் எண் குறியோடு). எல்எல்டிபி-மெட் வசதியை (சுவிட்ச் போனுக்கு அமைப்பை அறிவிக்கும் முறை) இயக்கி ‘வாய்ஸ் விலேன் 20’ என்று அறிவிக்கச் சொன்னால் போன் தானாகவே 20-க்குப் போய்விடும். சரியாக நடந்ததா என்று பார்க்க போனின் ஐபி முகவரி போதும். 192.168.20 என்று தொடங்க வேண்டிய இடத்தில் 192.168.10 என்று காட்டினால் அறிவிப்பு போய்ச் சேரவில்லை. காரணம் பெரும்பாலும் மேசைக்கடியில் இருக்கும் ஐந்து போர்ட் சாதாரண சுவிட்ச். எல்எல்டிபி அறிவிப்பை அது கடத்தாமல் விட்டுவிடும். அதை எடுத்துவிடுங்கள், அல்லது அந்தப் போனில் மட்டும் விலேன் எண்ணைக் கையால் கொடுங்கள்.

குரல் பாக்கெட்டுகளுக்கு டிஎஸ்சிபி 46 என்ற முன்னுரிமைக் குறி போன்களில் வழக்கமாகவே இருக்கும். சுவிட்சும் ரூட்டரும் அதை மதிக்கும்படி அமைத்தால்தான் பலன்.

போனில் எக்ஸ்டென்ஷனை எப்படி ஏற்றுவது?

1. கேபிளைச் செருகி, திரை எழும்வரை காத்திருங்கள். யீலிங்கில் ‘ஓகே’ பொத்தானை அழுத்தினால் ஐபி முகவரி தெரியும். மற்றவற்றில் மெனுவில் ‘ஸ்டேட்டஸ்’ பகுதியில் இருக்கும்.

2. அதே நெட்வொர்க்கில் உள்ள கணினியின் உலாவியில் அந்த முகவரியைத் தட்டுங்கள். யீலிங்கில் பெயர், கடவுச்சொல் இரண்டும் ‘அட்மின்’. கிராண்ட்ஸ்ட்ரீமின் புதிய போன்களில் கடவுச்சொல் பின்பக்க ஸ்டிக்கரில் இருக்கும். உள்ளே போனதும் முதல் வேலை அதை மாற்றுவது.

3. ‘அக்கவுண்ட்’ பக்கத்தில் கணக்கை இயக்கி விவரங்களைக் கொடுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான். ‘யூசர் நேம்’ என்பது எக்ஸ்டென்ஷன் எண். ‘ரெஜிஸ்டர் நேம்’ அல்லது ‘அதென்டிகேட் ஐடி’ என்பது சர்வர் உங்களைச் சரிபார்க்கும் பெயர். சில சேவைகளில் இரண்டும் ஒன்று, சிலவற்றில் வேறு. ‘டிஸ்ப்ளே நேம்’ மட்டும்தான் உங்கள் இஷ்டம்.

4. சர்வர் முகவரி, போர்ட் எண் 5060 (இங்கே போர்ட் என்பது சுவிட்சின் துளை அல்ல, இணைப்பின் கதவு எண்). டிஎல்எஸ் (குறியாக்கம் செய்த இணைப்பு) என்றால் 5061. சேமித்ததும் நிலை ‘ரெஜிஸ்டர்டு’ (சர்வரில் பதிவானது) என்று மாற வேண்டும்.

5. நேர மண்டலம் +8. யீலிங்கில் தொடக்க அமைப்பே பெய்ஜிங் நேரம்தான் என்பதால் சிங்கப்பூரில் தானாகவே சரியாக இருக்கும். மற்ற நிறுவனப் போன்களில் பார்த்து மாற்றுங்கள்.

பத்துக்கு மேல் போன் இருந்தால் ஒவ்வொன்றாகத் தட்டாதீர்கள். பின்பக்க ஸ்டிக்கரில் உள்ள 12 எழுத்து மேக் முகவரிகளை (போனின் வன்பொருள் அடையாள எண்) பட்டியலாகச் சேவை நிறுவனத்திடம் கொடுத்தால் தானியங்கி அமைப்பில் ஏற்றித் தருவார்கள். சொந்த பிபிஎக்ஸ் என்றால் டிஹெச்சிபி (போன்களுக்கு ஐபி முகவரி கொடுக்கும் சேவை) ஆப்ஷன் 66-இல் அமைப்புக் கோப்பின் முகவரியைக் கொடுங்கள்.

ரெஜிஸ்டர் ஆகவே மாட்டேன் என்கிறது. எங்கிருந்து பார்ப்பது?

ஐபி முகவரி வந்திருக்கிறதா என்பதே முதல் கேள்வி. வரவில்லையென்றால் கேபிள், விலேன், அல்லது டிஹெச்சிபி பட்டியல் நிரம்பிவிட்டது. விருந்தினர் கைத்தொலைபேசிகளும் போன்களும் ஒரே பட்டியலைப் பங்குபோடும் அலுவலகங்களில் இது அடிக்கடி நடக்கும்.

முகவரி வந்தும் ரெஜிஸ்டர் ஆகவில்லையென்றால் பிழை எண்ணைப் பாருங்கள். 403 என்றால் சர்வர் கேட்டுவிட்டு மறுக்கிறது: கடவுச்சொல் அல்லது ரெஜிஸ்டர் நேம் தவறு. 404 என்றால் அப்படி ஒரு எண்ணே அங்கு இல்லை. 408 என்றால் பதிலே வரவில்லை: சர்வர் முகவரி, டிஎன்எஸ் (பெயரை ஐபி முகவரியாக்கும் சேவை), ஃபயர்வால் (தேவையற்ற இணைப்புகளை அடைக்கும் காவல்) இவற்றைப் பாருங்கள். பதிவேட்டில் 401 தெரிந்தால் பதற வேண்டாம். சர்வர் கடவுச்சொல் கேட்கும் வழக்கமான நடைமுறை அது. அதுவே திரும்பத் திரும்ப வந்தால்தான் கவலை.

டிஎல்எஸ் பயன்படுத்தினால் போனின் கடிகாரத்தையும் பாருங்கள். நேரம் தவறாக இருந்தால் சான்றிதழ் காலாவதி என்று நினைத்துப் போன் மறுத்துவிடும். ஃபயர்வாலில் யுடிபி 123 (நேரத்தைச் சரிசெய்யும் போர்ட்) மூடியிருந்தால் நேரம் எப்போதும் சரியாகாது.

எல்லாப் போனும் ஒரே சமயத்தில் விழுந்து, இணையம் மட்டும் நன்றாக இருந்தால்? அலமாரியில் கிடந்த பழைய போனை யாரோ செருகியிருக்கலாம். அது பழைய கடவுச்சொல்லோடு சர்வரைத் தட்டிக்கொண்டே இருக்க, சர்வர் அதைத் தாக்குதல் என்று எண்ணி அலுவலகத்தின் பொது ஐபி முகவரியையே தடை செய்துவிடும். தடையை நீக்கச் சொல்வதற்கு முன் அந்தப் போனைக் கண்டுபிடித்துக் கழற்றுங்கள். இல்லையென்றால் சிறிது நேரத்தில் மறுபடியும் தடைதான்.

வெளியே பேச 9 அழுத்தும் பழக்கத்தை வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. சிங்கப்பூரில் கைத்தொலைபேசி எண்கள் 8 அல்லது 9-இல் தொடங்குகின்றன. புதிதாகச் சேர்ந்த ஊழியர் 9 போடாமல் ஒரு 9-எண்ணை அழைத்தால், பிபிஎக்ஸ் முதல் 9-ஐக் கழித்துவிட்டு மீதி ஏழு இலக்கத்தை அனுப்பும். அழைப்பு போகாது. “சில நம்பர் மட்டும் போக மாட்டேங்குது” என்ற புகாரின் வேர் இதுதான்.

9-ஐ ஒழித்துவிட்டால் எக்ஸ்டென்ஷனுக்கு எந்த எண்ணைத் தேர்ந்தெடுப்பது? 0 வெளிநாட்டுக்கு, 1 என்பது 1800, 1777 போன்றவற்றுக்கு, 3 இணையத் தொலைபேசி எண்களுக்கு, 6 நிலைத்தொலைபேசிக்கு, 8-உம் 9-உம் கைத்தொலைபேசிக்கு. 201 முதல் மூன்றிலக்கமாக வைத்தால் யாரோடும் மோதாது.

போனின் டயல் விதியையும் இதற்கேற்ப எழுதுங்கள்: 3, 6, 8, 9-இல் தொடங்கி எட்டு இலக்கம் நிறைந்தால் உடனே அழை, 2-இல் தொடங்கி மூன்று இலக்கம் என்றால் உடனே அழை, 0-இல் தொடங்கினால் காத்திரு. எண்ணை அழுத்திவிட்டுச் சில நொடிகள் அமைதியாக நிற்கிறது என்ற குறை இத்தோடு தீரும்.

995, 999 வேலை செய்யுமா?

செய்ய வைக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. 995 குடிமைத் தற்காப்புப் படைக்கு, 999 காவல்துறைக்கு. வெளிநாட்டு நிறுவனத்தின் கிளவுட் சேவை வாங்கியிருந்தால் இந்த எண்களும் 1800 எண்களும் போகுமா என்று ஒப்பந்தத்துக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். 9 போடும் பழைய முறை இன்னும் இருந்தால் 995-உம் போக வேண்டும், 9995-உம் போக வேண்டும். பதற்றத்தில் யார் எதை அழுத்துவார் என்று சொல்ல முடியாது. சோதிப்பதற்காக உண்மையில் 995-ஐ அழைக்காதீர்கள். சேவை நிறுவனத்திடம் வழித்தடத்தைச் சரிபார்த்துத் தரச் சொல்லுங்கள்.

மின்சாரம் போனால் ஐபி போன் ஊமை. ஓஎன்டி (ஃபைபர் வந்து முடியும் பெட்டி), ரூட்டர், பிஓஇ சுவிட்ச் மூன்றையும் யுபிஎஸ்ஸில் (பேட்டரி மின்காப்பு) போடுங்கள். ரூட்டரை மட்டும் போட்டுவிட்டு சுவிட்சை மறப்பது சகஜம். பத்துப் போனுக்கு 50 வாட், மற்றவற்றுக்கு இன்னொரு 50 என்று வைத்தால் 100 வாட் சுமை. சிறிய யுபிஎஸ்ஸில் இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரியின் கொள்ளளவு 84 வாட்-ஹவர். இவ்வளவு வேகமாக உறிஞ்சினால் அதில் ஏறக்குறைய பாதிதான் கைக்கு வரும். அரை மணி நேரம் கூடத் தாங்காது என்று வைத்துத் திட்டமிடுங்கள்.

திரையில் +65 என்று வரும் அழைப்பை எடுக்கலாமா?

2020 முதல், வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புகளின் முன்னால் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் கூட்டல் குறி போட்டு அனுப்புகின்றன. உள்நாட்டு அழைப்புக்கு அந்தக் குறி இருக்காது. ஆகவே +65 6 என்று உள்ளூர் நிலைத்தொலைபேசிபோல் வந்தால், வெளிநாட்டிலிருந்து உள்ளூர் எண்ணைப் போர்த்திக்கொண்டு வருகிறது என்று சந்தேகப்படலாம்.

இந்தப் பாதுகாப்பை அலுவலக பிபிஎக்ஸே கெடுத்துவிடும், அதுதான் வேடிக்கை. சில அமைப்புகள் எல்லா எண்ணையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருகிறேன் என்று உள்நாட்டு எண்ணுக்கும் +65 ஒட்டிவிடும். வேறு சில, கூட்டல் குறியைப் பிடுங்கிவிடும். இரண்டிலும் மோசடி அழைப்பும் வாடிக்கையாளர் அழைப்பும் திரையில் ஒரே மாதிரி தெரியும். உங்கள் கைத்தொலைபேசியிலிருந்து அலுவலக எண்ணை அழைத்துப் பாருங்கள். எட்டு இலக்கமாக மட்டும் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அடுத்து வெளிநாட்டில் இருக்கும் ஒருவரை அழைக்கச் சொல்லி, கூட்டல் குறி வருகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உள்வரும் எண்ணைத் திருத்தும் விதியை எடுத்துவிடச் சொல்லுங்கள். கணக்குப் பிரிவு, வரவேற்பு மேசை இரண்டுக்கும் இது மிக முக்கியம்.

நாங்கள் பேசுவது அவர்களுக்குக் கேட்கிறது, அவர்கள் பேசுவது எங்களுக்குக் கேட்கவில்லை. ஏன்?

முதலில் போனைப் பாருங்கள். ஹேண்ட்செட்டின் சுருள் கம்பி ஹெட்செட் துளையில் செருகப்பட்டிருக்கலாம். இரண்டும் ஒரே அளவு, பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். துளை அருகே அச்சடித்த சிறிய படம்தான் வித்தியாசம். ஆனால் அப்படியானால் இரண்டு பக்கமும் கேட்காது, ஸ்பீக்கரில் மட்டும் நன்றாக இருக்கும்.

ஒரு பக்கம் மட்டும் கேட்கிறதென்றால் சிப் செய்தி போகிறது, குரல் வரும் வழி அடைபட்டிருக்கிறது. எக்ஸ்டென்ஷனிலிருந்து எக்ஸ்டென்ஷனுக்குப் பேசிப் பாருங்கள். பிபிஎக்ஸ் உள்ளேயே இருந்து, அங்கே இரு பக்கமும் சரியாகக் கேட்டால், குற்றவாளி ரூட்டர். அதில் ‘சிப் ஏஎல்ஜி’ என்று ஒரு வசதி இருக்கும். உதவுகிறேன் என்று பாக்கெட்டுக்குள் இருக்கும் முகவரியைத் திருத்தும், பாதி நேரம் தவறாகத் திருத்தும். அதை அணைத்துவிட்டு, ரூட்டரை ரீஸ்டார்ட் செய்து, போன்களையும் ரீஸ்டார்ட் செய்யுங்கள். அணைக்க வழியில்லாத ரூட்டரானால் டிஎல்எஸ்ஸுக்கு மாறுங்கள். செய்தி குறியாக்கம் ஆகிவிட்டால் ஏஎல்ஜியால் உள்ளே கைவைக்க முடியாது.

அதற்கும் சரியாகவில்லையென்றால் குரல் போகும் யுடிபி போர்ட் வரிசை ஃபயர்வாலில் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆஸ்டெரிஸ்க் வகை பிபிஎக்ஸில் அது வழக்கமாக 10000 முதல் 20000 வரை.

அழைப்பு சரியாக அரை நிமிடத்தில், அல்லது 15 நிமிடத்தில் அறுகிறது. தற்செயலா?

கடிகாரம் பார்த்து அறுந்தால் தற்செயல் கிடையாது. 32 வினாடியில் அறுந்தால், அழைப்பை எடுத்ததற்கான இறுதி ஒப்புதல் செய்தி மறுமுனைக்குப் போய்ச் சேரவில்லை. சிப் விதிப்படி அவ்வளவு நேரம் காத்திருந்து துண்டிக்கிறது. காரணம் மேலே சொன்ன ஏஎல்ஜி அல்லது பிபிஎக்ஸில் பொது ஐபி முகவரி தவறாக இருப்பது.

15 நிமிடம் என்றால் செஷன் டைமர். வழக்கமான அளவு 1800 வினாடி. அதன் பாதியில், அதாவது 900-இல், ‘இன்னும் இருக்கிறாயா’ என்று ஒரு செய்தி போகும். அதற்குப் பதில் வராவிட்டால் சில அமைப்புகள் அப்போதே துண்டிக்கும்.

வெளியே அழைக்க முடிகிறது, வெளியிலிருந்து வருவது மட்டும் ஒலிக்கவில்லை.

முதலில் டிஎன்டி (‘தொந்தரவு செய்யாதே’) பொத்தான், கால் ஃபார்வர்டு (அழைப்பை வேறு எண்ணுக்குத் திருப்புதல்) இரண்டையும் பாருங்கள். சிரிக்காதீர்கள், மணிக்கணக்கில் ரூட்டரைக் குடைந்தபின் இது கண்டுபிடிக்கப்படுவதுண்டு.

அடுத்தது ரூட்டரின் மறதி. போன் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பதிவு செய்யும். ரூட்டரோ யுடிபி வழியை ஒன்றிரண்டு நிமிடத்தில் மூடிவிடும். மூடியபின் வரும் அழைப்புக்கு உள்ளே வர வாசல் இருக்காது. போனில் நேட் கீப்-அலைவை (வழியைத் திறந்தே வைக்கும் சிறு செய்தி) 30 வினாடி என்று வையுங்கள். நீங்கள் ஓர் அழைப்பு செய்த சிறிது நேரத்துக்கு மட்டும் உள்வருவது ஒலித்தால் இதுதான் காரணம் என்று உறுதி.

குரல் உடைந்து உடைந்து வருகிறது.

எப்போது உடைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மாலை ஆறு மணிக்கு மட்டும் என்றால் ஏதோ ஒரு கணினி கிளவுடுக்கு பேக்கப் எடுக்கிறது. நாள் முழுக்க, ஒரே மேசையில் என்றால் கேபிள் அல்லது போர்ட். சுவிட்சில் அந்தப் போர்ட்டின் பிழை எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். வைஃபையில் இணைத்த மேசைப் போன் என்றால் கேபிளுக்கு மாற்றுங்கள், மேற்கொண்டு ஆராய வேண்டாம்.

அளவுகோல்: பாக்கெட் இழப்பு 1 விழுக்காட்டுக்குள், ஜிட்டர் (பாக்கெட் வரும் இடைவெளியின் ஏற்ற இறக்கம்) 30 மில்லிவினாடிக்குள், ஒருவழித் தாமதம் 150 மில்லிவினாடிக்குள். சர்வர் அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ இருந்தால் தாமதத்தின் பெரும்பகுதி பயணத்திலேயே போய்விடும். சிங்கப்பூர் சர்வருக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள்.

எதிரொலி?

அதைக் கேட்பவர் பக்கம் கோளாறு இருக்காது; மறுமுனையில் தேடுங்கள். அங்கே ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைக்கச் சொன்னாலே பெரும்பாலும் அடங்கிவிடும்.

நள்ளிரவில் 100, 1001 என்ற எண்களிலிருந்து அழைப்பு வருகிறது. எடுத்தால் யாரும் இல்லை.

இணையத்தில் 5060 போர்ட்டைத் துழாவிக்கொண்டே இருக்கும் நிரல்களின் வேலை. உங்கள் ரூட்டரில் அந்தப் போர்ட் போனுக்குத் திறந்துவிடப்பட்டிருக்கிறது. போர்ட் ஃபார்வர்டிங்கை நீக்குங்கள். யீலிங்கில் ‘அக்செப்ட் சிப் டிரஸ்ட் சர்வர் ஒன்லி’ என்பதை இயக்குங்கள். கிராண்ட்ஸ்ட்ரீமில் இதற்கு இணையானது உண்டு. போன் ஒலிப்பது தொல்லை மட்டும்தான். அதே நிரல் உங்கள் பிபிஎக்ஸில் எளிய கடவுச்சொல்லைக் கண்டுபிடித்தால், வார இறுதியில் யாரும் இல்லாத நேரத்தில் உங்கள் கணக்கிலிருந்து வெளிநாட்டுக்கு அழைப்புகள் பறக்கும், பில் உங்களுக்கு. வெளிநாட்டு அழைப்பை மொத்தமாக அடைத்துவிட்டு, தேவைப்படும் ஓரிரு எக்ஸ்டென்ஷனுக்கு மட்டும் திறந்துவிடுங்கள்.

பழைய அலுவலக எண்ணை அப்படியே கொண்டுவர முடியுமா?

முடியும். ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள்: எண் புதிய நிறுவனத்துக்கு மாறி, அதில் அழைப்பு வந்து பார்த்தபின்தான் பழைய லைனை நிறுத்த வேண்டும். முதலில் ரத்து செய்துவிட்டால் மாற்ற எண்ணே இருக்காது. அந்த லைனில் தொலைநகல், அலாரம், லிஃப்ட் அவசரத் தொலைபேசி ஏதாவது தொங்குகிறதா என்றும் பாருங்கள். தொலைநகலுக்கு ஏடிஏ பெட்டி (பழைய சாதனத்தை ஐபியில் இணைப்பது) போட்டு டி.38 (ஐபி வழித் தொலைநகல் முறை) அல்லது ஜி.711 வைத்தால் ஓரளவு ஓடும். அலாரத்தையும் லிஃப்ட்டையும் அவற்றைப் பராமரிக்கும் நிறுவனத்தைக் கேட்காமல் தொடாதீர்கள்.

வாயிற்காவலர் அறை 150 மீட்டர் தள்ளி இருக்கிறது. கேபிள் இழுக்கலாமா?

செம்புக் கேபிள் வேண்டாம். தூரம் ஒரு காரணம், மின்னல் இன்னொரு காரணம். திறந்தவெளியில் போகும் செம்பு வழியாகப் பாயும் மின்னதிர்வு சுவிட்சையே எரித்துவிடும். ஃபைபர் இழுத்து, அந்த முனையில் ஒரு மீடியா கன்வர்ட்டரும் (ஃபைபரைச் செம்புக் கேபிளுக்கு மாற்றும் பெட்டி) சிறிய பிஓஇ சுவிட்சும் வையுங்கள்.

போனின் உள்மென்பொருளான ஃபர்ம்வேரை எப்போது புதுப்பிப்பது?

ஒரு போனில் போட்டு ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, மற்றவற்றுக்கு வேலை நேரம் முடிந்தபின். அந்த நேரத்தில் யாரும் சுவிட்சை அணைக்கக்கூடாது.

அழைப்பைப் பதிவு செய்யலாமா?

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். பதிவாகிறது என்பதையும் எதற்காக என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லும் குரல் அறிவிப்பைப் போடுங்கள். விற்பனைக்காக நீங்களே அழைப்பதென்றால் ‘அழைக்க வேண்டாம்’ பதிவேட்டைச் சரிபார்ப்பது தனிக் கடமை.

ஊழியர் விலகிவிட்டார், அவருடைய போனை இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டும்.

யீலிங்கில் ‘ஓகே’ பொத்தானைப் பத்து வினாடி அழுத்திப் பிடித்தால் தொடக்க நிலைக்குத் திரும்பக் கேட்கும். தொடர்புப் பட்டியலும் அழைப்பு வரலாறும் அதோடு போய்விடும். தானியங்கி அமைப்பில் இருந்தால், முதலில் அங்கே மேக் முகவரியைப் புதிய எக்ஸ்டென்ஷனுக்கு மாற்றுங்கள்; இல்லையென்றால் போன் எழுந்ததும் பழைய பெயரையே இழுத்துக்கொண்டு வரும். பழைய எக்ஸ்டென்ஷனின் கடவுச்சொல்லை சர்வரிலும் மாற்றிவிடுங்கள். போனை மட்டும் அழித்தால், விலகியவரின் கைத்தொலைபேசிச் செயலியில் அலுவலக அழைப்புகள் இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கும்.